வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள்



புலமைப்பரிசில் பெறுபேறு வந்த வாரத்தில் நம் தோட்டச் சந்திகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக் கூரைக்கும் கோயில் மரத்துக்கும் நடுவே பதாகை கட்டியிருப்பார்கள். சித்தியடைந்த பிள்ளையின் படம், வாங்கிய புள்ளி, அதிபர் பெயர், மாலை வகுப்பு நடத்தியவர் பெயர், அச்சடிக்கக் காசு கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சில வருடம் நம் சங்கத்தின் பெயரும் இருக்கும். நல்ல விஷயம்தான். நம் சந்திகளில் மரண அறிவித்தல்தான் அதிகம் தொங்கும். ஒரு பிள்ளையின் படம் சந்தோஷத்துக்காகத் தொங்குவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பதாகைக்குக் கீழே நின்று பஸ்சுக்குக் காத்திருக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வருகிறது. அதே வகுப்பில் இருந்த இன்னொரு கெட்டிக்காரப் பிள்ளை எங்கே? அப்படி ஒரு பிள்ளை இருந்ததா என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வகுப்பாசிரியையாக இருந்த எனக்கே ஒரு தடவை தெரியாமல் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு சம்பளக் கிழமை. மேல் டிவிஷனில் இருந்து ஓர் அக்கா, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் என் வீட்டுக்கு வந்தார். சம்பளத் துண்டில் கணக்குப் பிழை என்றார். சங்க வேலையில் இது எனக்குப் பழகிய முறைப்பாடு. "எப்படித் தெரியும் அக்கா?" என்று கேட்டேன். மடித்து வைத்திருந்த ஒரு பழைய கலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

தாளின் பின்பக்கத்தில் முப்பது நாளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை என்று மூன்று எண்கள். பக்கத்தில் கழித்த கிலோ. மழை பெய்த நாட்களில் ஓரத்தில் ஒரு சின்னக் குடை வரைந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் வெயில் நாளில் சாக்குக்கென்று நிறுவைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் சேர்த்து இரண்டு கிலோ. அந்த நியாயத்தைப் பற்றி வேறொரு இதழில் பேசுவோம். குடை இல்லாத நாலு நாட்களில் மழைக் கழிவு போட்டிருந்தார்கள். நாளுக்கு மூன்று நிறுவை, நாலு நாள், 12 கிலோ. அந்த நாலில் இரண்டு நாள் அக்காவுக்குக் கேட்ட கிலோ வரவில்லையென்று அரைப்பேர் விழுந்திருந்தது. கழிவைச் சரியாகப் போட்டிருந்தால் இரண்டும் முழுப்பேர். தாளின் அடியில் இரண்டு கோடு போட்டு, வரவேண்டிய காசும் எழுதியிருந்தது.

தலைவரும் நானும் அந்தத் தாளோடு தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். செக்ரோலைத் திறந்து பார்த்தார்கள். மறுக்க முடியவில்லை. அடுத்த சம்பளத்தில் காசு சேர்ந்து வந்தது, அந்த நாட்களில் அரைப்பேர் விழுந்த மற்ற ஏழு பேருக்கும் சேர்த்து.

திரும்பி வரும் வழியில்தான் அக்காவிடம் கேட்டேன், இதை எழுதியது யார் என்று. "நம்ம சின்னவதான் டீச்சர். ஒங்க கிளாஸ்தானே, நாலாம் வகுப்பு."

எனக்கு நடை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் இரண்டு மாதத்துக்கு முன் நான் என் கையால் எழுதியிருந்தது இது: "கவனம் குறைவு. எழுத்து துப்புரவில்லை."

அப்போது எங்கள் பாடசாலையில் 3, 4, 5ஆம் தரங்கள் ஒரே மண்டபத்தில். நடுவில் சுவர் இல்லை, இரண்டு கரும்பலகைகள்தான். ஆசிரியர் இருவர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலுக்கு ஆள் வராத வருடம். மூன்று தரத்துக்கும் நான் ஒருத்தி. அந்தப் பிள்ளை எந்நேரமும் திரும்பி ஐந்தாம் தரத்துக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "முன்னுக்குப் பார்" என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! அவள் பார்த்துக்கொண்டிருந்தது பின்னக் கணக்கு. நாலாம் தரத்துக் கணக்கை முடித்துவிட்டு, கொப்பியில் கிறுக்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் கூடுதலாகக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் நான் கவனம் குறைந்தவள் என்று எழுதினேன்.

கல்வியியல் கல்லூரியில் எங்களுக்கு மீத்திறன் மாணவர் பற்றி விரிவுரை நடந்தது. குறிப்பு எழுதினோம், பரீட்சையில் கேள்வி வந்தது, நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் அந்தக் குறிப்பில் இருந்த பிள்ளை, தனி மேசையும் புத்தக அலுமாரியும் உள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளை. கலண்டர் தாளில் குடை வரைகிற பிள்ளையை அதில் யாரும் எழுதியிருக்கவில்லை.

நம்மிடம் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் எண்ணெய் வைத்துத் தலை சீவி, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, கேட்டதை ஒப்பிக்கும் பிள்ளை. அப்படியும் கெட்டிக்காரர் உண்டு. ஆனால் லயத்தில் நான் கண்ட பலர் வேறு மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போன பாட்டிக்கும் சிங்களம் பேசும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் எட்டு வயதுப் பிள்ளை. அந்தச் சிங்களத்தை அது பஸ் கொண்டக்டரிடமும் கடைக்காரரிடமும் கேட்டே பிடித்திருக்கும். பழுதாய்ப் போன ரேடியோவைப் பிரித்து, மூன்று நாள் அடி வாங்கி, நாலாம் நாள் பாட வைக்கும் பையன். ஒரு விடை சொன்னால் "ஏன் அப்படி?" என்று அடுத்த கேள்வி கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளை. தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாடப் பிடிக்காமல் பெரியவர்கள் பேசுமிடத்தில் வந்து குந்தியிருக்கும் பிள்ளை. சிலர் வகுப்பில் தூங்குவார்கள், சிலர் சண்டை பிடிப்பார்கள். தெரிந்ததையே வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னால் பெரியவர்கள் நாமும் அதைத்தான் செய்வோம்.

அந்த ரேடியோப் பையனுக்கு எழுத்துப் பிழை தீரவே இல்லை. புலமைப்பரிசிலில் அவன் பெயரை யாரும் தேடவும் இல்லை. பதினைந்து வயதில் கொழும்பில் ஒரு கடைக்குப் போனான். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அவன் ஏறிய பஸ்சை நிறுத்தவில்லை.

இனி அந்தப் பரீட்சையைப் பற்றி.

புலமைப்பரிசில் பரீட்சை தீய நோக்கத்தில் தொடங்கப்பட்டதல்ல. 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் நாட்டின் பல பாகங்களில் மத்திய கல்லூரிகள் உருவாகின. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமை உள்ளவர்களைத் தேர்ந்து, விடுதியில் வைத்துப் படிக்க வைப்பதுதான் எண்ணம். பல்லாயிரம் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்கும் அது கதவைத் திறந்தது. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. ஆனால் நம் தோட்டப் பாடசாலைகள் அப்போது தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமாருக்குச் சொன்னது, 6 வயதிலிருந்து 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுங்கள் என்பதே. பத்து வயதுக்கு மேல் கூலியின் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் அதில் எழுதாமலே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் இருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாடு திறமையைத் தேட ஆரம்பித்து முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து நாம் வரிசையில் வந்து நின்றோம்.

அதற்கு முன்னும் தோட்டத்தில் இருந்து படித்து வந்தவர்கள் உண்டு. மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த நம் சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராக, கவிஞராக, தொழிற்சங்கவாதியாக வளர்ந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அவர் பெயர் சொல்லாத மேடை நம்மிடம் இல்லை. அவருடையது பெரிய கங்காணி குடும்பம். வெளியே அனுப்பிப் படிக்க வைக்க வழி இருந்தது. அவர் திறமையை நான் குறைக்கவில்லை. அவரைப் போன்ற இன்னொரு பிள்ளை அதே காலத்தில் கீழ் லயத்தில் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அது நமக்கு எப்படித் தெரிய வந்திருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது நம் பிள்ளைகளும் அந்தப் பரீட்சையை எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி. ஆனால் அது திறமையைத் தேடும் பரீட்சையாக இன்று இருக்கிறதா? பட்டணத்தில் மூன்றாம் தரத்திலேயே மாலை வகுப்பு தொடங்கிவிடுகிறது. கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் என்று வியாபாரம் நடக்கிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் இந்த வகுப்புகளை நிறுத்தச் சொல்லிப் பரீட்சைத் திணைக்களம் வருடா வருடம் அறிவித்தல் விட வேண்டியிருக்கிறது. 2024இல் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு! பரீட்சை மண்டபத்து வாசலில் பயத்தில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு நான் முகம் கழுவி விட்டிருக்கிறேன். நல்ல பாடசாலைகள் கொஞ்சமாக இருப்பதால் யாரை உள்ளே விடுவது என்று கழிக்கிற வேலையைத்தான் பெரும்பாலும் அந்தப் பரீட்சை செய்கிறது.

கலண்டர் தாள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் எழுதினாள். ஆறு புள்ளியால் தவறினாள். கணக்கிலும் நுண்ணறிவிலும் குறையவில்லை. நீண்ட பந்தி வாசித்து விடை எழுதும் இடத்தில் போனது. பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் இல்லாத வீடு. "பாஸாகல" என்ற ஒரு சொல்லோடு அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு லயத்தில் முடிந்தது. அவள் கணக்குப் போட்டு வாங்கிக் கொடுத்த முழுப்பேரை எட்டுக் குடும்பம் செலவழித்தது, ஆனால் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல அந்த ஆறு புள்ளி தேவைப்பட்டது.

பிறத்தி நாட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய கல்வி மாவட்டம். மீத்திறன் பிள்ளைகளுக்கு அங்கே தனி வகுப்பு உண்டு. ஆசிரியரோ பெற்றோரோ "இந்தப் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள்" என்று சொன்னால்தான் முன்பு சோதிப்பார்கள். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் மிகக் குறைவு. 2005இல் முறையை மாற்றி, இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். டேவிட் கார்ட், லோரா ஜியுலியானோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதன் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளில் மீத்திறன் உள்ளவர் என்று அடையாளம் காணப்பட்டவர்களின் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. பிள்ளைகள் திடீரென்று கெட்டிக்காரராகவில்லை. முன்பும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் ஆசிரியர்கள் கெட்டவர்களும் அல்ல. என்னைப் போல, "கவனம் குறைவு" என்று எழுதியவர்களாக இருந்திருப்பார்கள். பிறகு காசுத் தட்டுப்பாடு என்று அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்; எண்ணிக்கை மறுபடி விழுந்தது.

நம் பரீட்சையையும் எல்லாரும்தானே எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறார்கள். ஆனால் அங்கே பார்த்தது, யாருக்குக் கூடுதலாகக் கற்பிக்கலாம் என்பதற்காக. இங்கே பார்ப்பது, யாரை வேறு பாடசாலைக்கு அனுப்பலாம் என்பதற்காக. அனுப்பியது போக மிச்சம் இருக்கிறவர்களை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சித்தியடைந்த பிள்ளைகளிலும் எத்தனை பேர் உண்மையில் போகிறார்கள்? விடுதிக் காசு, பெட்டி, சப்பாத்து, மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கும் பஸ் காசு என்று கணக்குப் போட்டு, கடிதத்தைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு இங்கேயே இருந்துவிட்ட பிள்ளைகளை எங்கள் பாடசாலையிலேயே எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்தக் கடிதம் வந்த பிள்ளைதான். அம்மா தோட்டை அடகு வைத்து என்னை அனுப்பினார். என் பக்கத்தில் இருந்த, என்னைவிடக் கணக்கில் கெட்டியான தோழிக்குச் சில புள்ளி குறைந்தது. இன்று அவள் மலையில் கொழுந்து எடுக்கிறாள். எங்கள் கிளையின் மாதர் அணித் தலைவியும் அவள்தான். வரவு செலவு வாசிக்கும்போது நான் எங்கே தடுமாறுகிறேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் டீச்சர், அவள் தொழிலாளி. எங்களைப் பிரித்தது பத்து வயதில் எழுதிய ஒரு காலைநேரப் பரீட்சை.

சங்கத்துக்குள்ளேயே எனக்கு வரும் எதிர்க்கேள்வியையும் மறைக்க விரும்பவில்லை. மாவட்டக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் எழுந்து கேட்டார்: "எல்லாப் பிள்ளைகளுக்குமே ஒழுங்காக மலசலகூடம் இல்லை, டீச்சர் இல்லை. இதில் கெட்டிக்காரருக்கென்று தனிக் கவனிப்பா? நாம் சமத்துவம் பேசுகிற சங்கமல்லவா?" நியாயமான கேள்வி. ஒரு சிலரைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை விட்டுவிடுவதுதான் திட்டம் என்றால் நானும் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன்.

ஆனால் வகுப்பில் நான் கண்டது வேறு. கலண்டர் தாளுக்குப் பிறகு, கணக்குப் பாடத்துக்கு மட்டும் அந்தப் பிள்ளையை ஐந்தாம் தரத்து வாங்கில் உட்கார வைத்தேன். மற்றப் பாடத்துக்கு அவள் நாலாம் தரம். ஒரு சதம் செலவில்லை. மண்டபத்தில் சுவர் இல்லாதது அந்த ஒரு விஷயத்துக்கு வசதியாகப் போனது. இரண்டு வாரத்தில் இன்னும் இருவர் "எங்களுக்கும் அந்தக் கணக்கு வேண்டும்" என்று வந்தார்கள். அதில் ஒருவனை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. ஐந்தாம் தரத்தில் கூட்டல் கழித்தலே பிடிபடாத ஒரு பிள்ளை, வெட்கமில்லாமல் மூன்றாம் தரத்து வாங்கில் வந்து உட்கார்ந்தது. பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் இடம் மாறி உட்காருவது வழக்கமாகிப் போனதால் கீழே வருவது அவமானமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது தெரியும், எது தெரியாது என்று பார்க்க ஆரம்பித்தால் முன்னால் ஓடுகிறவனும் தெரிவான், பின்னால் நிற்கிறவனும் தெரிவான். அந்த மூத்த தோழரிடம் இதைத்தான் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: காசுள்ளவர்கள் தங்கள் பிள்ளையின் திறமைக்கு வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். வாங்க முடியாத நம் பிள்ளைக்கு நாம் கேட்காமல் இருந்தால் அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது. அவர் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. "மலசலகூடத்தையும் மறக்காதீங்க" என்றார். மறக்கவில்லை.

பரிசளிப்பு விழாக்களில் இராமானுஜன் கதையைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஏழைப் பிள்ளை, கணித மேதை, உலகப் புகழ். அவர்கள் விட்டுவிடும் பகுதி, கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை அவர் ஆங்கிலத்தில் தேறாமல் இழந்தார் என்பது. ஒரு பாடத்தில் ஆழமாகப் போகும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் புள்ளி வாங்கும் என்று எந்த விதியும் இல்லை. நம் மேடைகளில் பொன்னாடை வாங்கும் பிள்ளைகளுக்குப் பின்னால், கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு பேசினால் நல்லது.

ஐந்தாம் தரத்தைத் தாண்டினால் பிரச்சினை இன்னும் பெரியது. கணித, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க 1ஏபி வகைப் பாடசாலை வேண்டும். 1சி என்றால் கலை, வர்த்தகம். நம் தோட்டங்களில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐந்தாம் தரத்தோடோ, சாதாரண தரத்தோடோ நின்றுவிடும் பாடசாலைகள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையில் நூற்றுக்கு 55 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கதவு திறந்துதான் இருக்கிறது. அந்தக் கதவு வரை போகிற பஸ்தான் நம் டிவிஷனுக்கு வருவதில்லை. அதனால் கணக்கில் கெட்டியான பிள்ளையும் "கிட்டத்தில் இருப்பது இதுதான்" என்று கலைப் பிரிவுக்குப் போகிறது. கலைப் படிப்பு தாழ்ந்ததல்ல, ஆசையோடு தேர்ந்தெடுத்தால். வேறு வழியில்லாமல் போவது தேர்வாகாது.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் தரம். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுவாள். கணக்கில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் பாடசாலையில் இனி ஆள் இல்லை, நானும் இல்லை. என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கணிதப் பிரிவு உள்ள பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடிய ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே இருட்டில் முக்கால் மணி நேரம் நடந்தால்தான் முதல் பஸ். அவளுடைய அம்மா போன மாதம் என்னிடம் சொன்னார்: "அவ படிப்பா டீச்சர், அதுல எனக்குச் சந்தேகமில்ல. அந்த இருட்டுல யாரு கூட அனுப்புறது? நான் பிரட்டுக்குப் போகணும்." கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கும் ஆள் கேட்டிருக்கிறார்கள். நல்ல குடும்பமாம்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கல்வி வலயப் பணிப்பாளர்களிடம் நம் மாவட்டக் காரியாலயம் கொடுக்கும் மகஜர்களில் கட்டடமும் கூரைத் தகடும்தான் எப்போதும் முதலில் இருக்கும். இந்தத் தடவை, பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் நாலைந்தைச் சேர்த்து, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒரு பொது ஆசிரியரையும் சனிக்கிழமைகளில் ஓர் ஆய்வுகூடத்தையும் கேட்கிறோம். பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசாமல், ஒவ்வொரு ஆரம்ப வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வருகிறது என்று எழுதி வைக்கும் பதிவையும், பாடத்துக்குப் பாடம் மேல் வகுப்போடு உட்கார அனுமதியையும் கேட்கிறோம். என் அதிபர் முதலில் பயந்தார், வலயத்திலிருந்து வந்தால் என்ன சொல்வது என்று. எழுத்தில் அனுமதி இருந்தால் அந்தப் பயம் வராது.

தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது இரண்டு. கொழுந்து ஏற்றும் லொறி போகும் பாதையில் விடியற்காலை பிள்ளைகளைப் பிரதான வீதி வரை கொண்டுபோய் விட ஒரு வாகனம். அடுத்தது, பாடசாலையில் இருந்து கூப்பிட்டால் தாயோ தகப்பனோ பேர் இழக்காமல் வந்து போகும் உரிமை. இன்று நான் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச அம்மாவைக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால் நானும் கூப்பிடத் தயங்குகிறேன். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கையை 2015இல் எழுப்பி 2021இல்தான் கண்டோம். அவ்வளவு காலம் விடாமல் பிடித்து நிற்க நமக்குத் தெரியும். இந்த அரைநாளும் ஒரு லொறியும் அதைவிடப் பெரிய கோரிக்கை அல்ல.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி. வருடா வருடம் பாராட்டு விழா நடத்துகிறோம். மேடை, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை, சாப்பாடு. போன வருடம் எங்கள் கிளை அதற்குச் செலவழித்த காசுக்கு எத்தனை புத்தகமும் எத்தனை கடந்தகால வினாத்தாளும் வாங்கலாம் என்று மாதர் அணித் தலைவி கூட்டத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். யாரும் பேசவில்லை. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு சமூக நிலையமோ சங்க அறையோ இருக்கிறது. தேர்தல் வந்தால் திறக்கிறோம். மற்ற நாளில் அதற்குள் உர மூட்டையும் உடைந்த கதிரையும். பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவில், தொலைக்காட்சிக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவில், ஏழு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து வாசிக்கும்? பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டரை மணி வரை ஒரு லைட், இரண்டு வாங்கு, ஒரு அலுமாரி புத்தகம், வாசலில் முறைக்கு ஒரு பெரியவர். இதற்கு நாம் யாரிடமும் மகஜர் கொடுக்க வேண்டியதில்லை. கலண்டர் தாள் பிள்ளையும் வருவாள், பெயர் எழுதத் தடுமாறும் பிள்ளையும் வரும். வந்து பார்க்கட்டும்.

வரும் மாதம் எல்லாக் கிளைகளிலும் பொதுக்கூட்டம். நிகழ்ச்சி நிரலில் இது இரண்டாவது விஷயமாக இருக்கிறது. வரும்போது உங்கள் டிவிஷன் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் டிவிஷனில் அது பழைய தலைவர் வீட்டில், அரிசி டின்னுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்.